கடலில் கொட்டும் பூச்சி மருந்து: கணக்குக் கேட்பது யார்?

சைபர்மெத்ரின் என்ற பெயரை நம் விவசாயிகளுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பருத்தியில் காய்ப்புழுவுக்கும் கத்தரியில் தண்டுத் துளைப்பானுக்கும் அடித்துப் பழகிய மருந்து. இமாமெக்டின் பென்சோயேட்டும் அப்படியே. வெண்டை, மிளகாய் போட்டவர்கள் அதன் பாக்கெட்டைப் பார்த்திருப்பார்கள். இந்த இரண்டு மருந்துகளும் வயலைத் தாண்டிக் கடலில் மீன் வளர்ப்பவர்களின் கைக்கும் போயிருக்கின்றன. நார்வே, சிலி, ஸ்காட்லாந்து, கனடா ஆகிய இடங்களில் கடலில் வலைக்கூண்டு கட்டி சால்மன் மீன் வளர்க்கிறார்கள். அந்த மீனுக்குப் பேன் பிடிக்கிறது. பேனைக் கொல்ல மருந்து போடுகிறார்கள். மருந்து கலந்த தண்ணீர் கடைசியில் கடலில்தான் போய்ச் சேருகிறது. அதே கடலை நம்பி இறாலும் நண்டும் பிடித்து ஜீவனம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அங்கேதான் தகராறு தொடங்குகிறது.

பெயர்க் குழப்பம் ஒன்றை முதலில் தீர்த்துவிடலாம். நம் ஊர் மீன் மார்க்கெட்டில் காலா மீனை 'இந்தியன் சால்மன்' என்று சொல்லி விற்பதுண்டு. அது வேறு இனம். இங்கே பேசப்படுவது குளிர்ந்த கடலில் வளரும் அட்லாண்டிக் சால்மன். நார்வே மட்டுமே ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டன் உற்பத்தி செய்கிறது. ஒரு கூண்டில் 2 லட்சம் மீனுக்கு மேல் விடக்கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். மேல் வரம்பே அவ்வளவு என்றால் நெரிசலை ஊகித்துக்கொள்ளலாம்.

குளத்தில் கட்லா, ரோகு விட்டவர்களுக்கு மீன் பேன் தெரியும். பேன் பிடித்த மீன் கல்லிலும் குச்சியிலும் உடம்பைத் தேய்த்துக்கொண்டு திரியும். தோல் உரிந்து புண்ணாகும். இரை எடுக்காது. கடல் பேனின் தொல்லையும் ஏறக்குறைய இதே மாதிரிதான். சால்மனின் தோலையும் கொழகொழப்பையும் இரத்தத்தையும் தின்று வாழ்கிறது. பரந்த கடலில் தன்னிச்சையாகத் திரியும் மீனிலும் இந்தப் பேன் உண்டு. ஆனால் ஒன்றிரண்டு ஒட்டியிருந்தால் பெரிய சேதமில்லை. லட்சக்கணக்கான மீனை ஒரே இடத்தில் மாதக்கணக்கில் அடைத்து வைத்தால் பேனுக்குத் தீனிக்குக் குறைவே இல்லை. பக்கத்துப் பக்கத்தில் பல பண்ணைகள் இருந்துவிட்டால் ஒன்றில் பெருகியது நீரோட்டத்தோடு மற்றதற்குப் போகும்.

ஆகவே பண்ணைக்காரரின் கஷ்டம் பொய்யல்ல. மருந்தே போடாதே என்று கரையில் நின்றுகொண்டு சொல்வது சுலபம். புகையான் விழுந்த வயலுக்கு முன்னால் நின்றவர்களுக்கு அந்தப் பதற்றம் புரியும்.

மருந்து போகும் வழி

மருந்தை இரண்டு விதமாகக் கொடுக்கிறார்கள். ஒன்று, தீனியில் கலந்து ஊட்டுவது. இமாமெக்டின் பென்சோயேட் இந்த வகை. மீன் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம் வீதம் 7 நாட்கள் கொடுப்பது வழக்கமான அளவு. மீன் தின்னாமல் விட்ட தீனியும் தின்றபின் போட்ட கழிவும் கூண்டுக்கு அடியில் படிகின்றன. அந்தச் சேற்றில் மருந்து சீக்கிரம் சிதைவதில்லை, மாதக்கணக்கில் தங்குகிறது.

மற்றது குளிப்பாட்டும் முறை. கூண்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, உள்ளே மருந்தைக் கலந்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை மீனை அதில் வைத்திருப்பார்கள். பிறகு தார்ப்பாயை அவிழ்த்துவிடுவார்கள். அவ்வளவுதான். தொட்டி உள்ள படகில் மீனை ஏற்றி மருந்திட்டு, அந்தத் தண்ணீரைக் கடலில் விடுவதும் உண்டு. மருந்து அடித்த ஸ்பிரேயரைக் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் ஊற்றாதீர்கள் என்று வேளாண்மைத் துறை அலுவலர்கள் நம்மிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்! அங்கே கலக்கிய மருந்துத் தண்ணீர் முழுவதையும் வாய்க்காலில் விடுவதே வைத்திய முறையாக இருக்கிறது.

இதில் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. கடல் பேன் என்று பெயர் வைத்திருக்கிறார்களே ஒழிய, அது நம் தலையில் இருக்கும் பேன் வகை அல்ல, பூச்சியே அல்ல. இறால், நண்டு, சிங்கி இறால் இவற்றின் பங்காளி அது. ஓட்டைக் கழற்றிக் கழற்றி வளரும் இனம். நெல்லும் குதிரைவாலிக் களையும் ஒரே புல் குடும்பமாக இருப்பதால் களைக்கொல்லி தேர்ந்தெடுப்பது எவ்வளவு சிரமம் என்று நமக்குத் தெரியும். இங்கேயும் அதே கதை. பேனின் நரம்பைத் தாக்கும் மருந்துக்கு, இது பேன், இது இறால் என்று பேதம் பார்க்கத் தெரியாது.

அளவைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 33 அடி நீளம், 33 அடி அகலமுள்ள கிணற்றில் 33 அடி தண்ணீர் நின்றால் அது சுமார் 10 லட்சம் லிட்டர். அதில் ஒரே ஒரு கிராம் சைபர்மெத்ரின் கலந்தால் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் ஆகிறது. ஆய்வகச் சோதனைகளில் வளர்ந்த சிங்கி இறால் இதற்கும் குறைவான அளவிலேயே செத்திருக்கிறது. இமாமெக்டினை ஊட்டிப் பார்த்த சோதனைகளில் சிங்கி இறால் உரிய காலத்துக்கு முன்பே ஓட்டைக் கழற்றியது. சினையோடு இருக்கும் பெட்டை அப்படிக் கழற்றினால் ஓட்டில் ஒட்டியிருக்கும் முட்டையும் அதோடு போயிற்று. ஒரு பருவத்து விதை நெல் வெள்ளத்தில் போவதற்குச் சமம் இது.

பண்டி விரிகுடாவில் நடந்தது

கனடாவின் கிழக்குக் கரையில், நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தை ஒட்டி இருக்கிறது பண்டி விரிகுடா. உலகிலேயே மிக உயரமாகக் கடல் ஏறி இறங்கும் இடம். விரிகுடாவின் உள்முனையில் நீர்மட்டம் 15 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குவதுண்டு. அங்கே சால்மன் கூண்டுகளும் இருக்கின்றன, சிங்கி இறால் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். சிங்கி இறால் தொழில் பெரும்பாலும் சொந்தப் படகு வைத்திருக்கும் குடும்பங்களின் கையில் இருக்கிறது. பொறிக்கூடு இறக்க இத்தனை மாதம்தான் என்று அரசாங்கம் நாள் குறித்திருக்கிறது. அந்த நாட்களில் கிடைப்பதுதான் வருஷச் செலவுக்கு.

2009-ம் ஆண்டின் கடைசி மாதங்களில் கிராண்ட் மனான் தீவு, டியர் தீவுப் பக்கம் சிங்கி இறால்கள் செத்தும் சாகும் நிலையிலும் கிடைத்தன. சோதித்துப் பார்த்ததில் சைபர்மெத்ரின் தென்பட்டது. கனடாவில் வயலுக்கு அந்த மருந்து அனுமதிக்கப்பட்டது. கடலுக்கு அனுமதி இல்லை. அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் துறை புலனாய்வு செய்து, 2011-ல் கெல்லி கோவ் சால்மன் என்ற நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. குக் அக்வாகல்ச்சர் என்ற பெரிய கம்பெனியின் கிளை நிறுவனம் இது. 2013 ஏப்ரலில் அந்த நிறுவனம் மீன்வளச் சட்டத்தின் கீழ் இரண்டு குற்றங்களை ஒப்புக்கொண்டது. மொத்தம் 5 லட்சம் கனடா டாலர் கட்டும்படி ஆயிற்று.

குற்றம் குற்றம்தான், அதில் இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் தண்டனையோடு விஷயம் முடிந்தது என்று எடுத்துக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. ஏன் அந்த மருந்தைத் தேடிப் போனார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்கு முன் சில ஆண்டுகளாக அவர்கள் இமாமெக்டினையே திரும்பத் திரும்பக் கொடுத்து வந்தார்கள். பேனுக்கு மருந்து பழகிவிட்டது. வழக்கமான அளவில் சாகவில்லை. சட்டப்படி கையில் இருந்த மருந்து பலிக்காமல் போனபோது சட்டத்துக்கு வெளியே கை போயிற்று.

இந்தக் கதையை நாம் கேட்டிருக்கிறோம். 1987-88 பருவத்தில் ஆந்திராவின் குண்டூர் பக்கம் பருத்தி போட்டவர்கள் பச்சைக் காய்ப்புழுவைக் கொல்ல சைபர்மெத்ரின் வகை மருந்துகளை அடித்தார்கள், புழு சாகவில்லை, அளவைக் கூட்டினார்கள், இரண்டு மூன்றைக் கலந்து அடித்தார்கள், கடன்தான் ஏறியது. பாட்டிலை மாற்றி மாற்றி அந்தச் சிக்கலை யாரும் தீர்க்கவில்லை. கடலிலும் அப்படித்தான். மருந்தைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் முதலில் கட்டுப்படுத்த வேண்டியது மீன் எண்ணிக்கையையும் கூண்டுக்கும் கூண்டுக்கும் இடையே உள்ள தூரத்தையும்தான். அதைச் செய்யாமல் மருந்துப் பட்டியலை மட்டும் நீட்டுவதும் குறுக்குவதும் நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலைப் பிடிப்பது போல.

அலை அடித்துக்கொண்டு போய்விடும், கடல் பெரியது, கரைந்துவிடும் என்று ஒரு வாதம் உண்டு. அவ்வளவு உயரமாகக் கடல் ஏறி இறங்கும் பண்டி விரிகுடாவிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மருந்தோடு சாயம் கலந்து திறந்துவிட்டு, அது போகும் வழியைப் பின்தொடர்ந்து தண்ணீர் எடுத்தார்கள். அசமெத்திபாஸ் என்ற மருந்து சீக்கிரமே வலுவிழந்துவிட்டது. சைபர்மெத்ரின் கலந்த தண்ணீரோ திறந்துவிட்டு 5 மணி நேரம் ஆன பிறகும் இறால் இனத்துச் சிற்றுயிர்களுக்கு நஞ்சாகவே இருந்தது. இந்தச் சோதனை முடிவு 2001-லேயே வெளிவந்துவிட்டது. சிங்கி இறால் செத்தது அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து! விஷயம் தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

விதி வந்தது, அளவு வரவில்லை

வழக்கு முடிந்த இரண்டாம் ஆண்டில், 2015-ல், கனடா அரசாங்கம் மீன் பண்ணைகளுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. மீனுக்குக் கேடான பொருளை மீன் வாழும் நீரில் விடக்கூடாது என்பது அந்நாட்டு மீன்வளச் சட்டத்தின் பொது விதி. புதிய விதிகள் சில நிபந்தனைகளோடு பண்ணைகளுக்கு அதிலிருந்து விலக்கு அளித்தன. அனுமதி பெற்ற மருந்தாக இருக்க வேண்டும். மருந்து விடப் போவதை முன்கூட்டியே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு உபயோகித்தோம் என்று கணக்குக் கொடுக்க வேண்டும். படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

2018-ல் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகத்தைச் சேர்ந்த சுற்றுச்சூழல் ஆணையர் சால்மன் பண்ணைகள் பற்றி நாடாளுமன்றத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். ஒரு பண்ணை இவ்வளவுக்கு மேல் மருந்து உபயோகிக்கக் கூடாது என்ற வரம்பை மீன்வளத் துறை வைக்கவில்லை என்று அதில் எடுத்துக்காட்டினார். பண்ணைகள் தாமே எழுதிக் கொடுக்கும் கணக்கு சரிதானா என்று துறை சரிபார்க்கவில்லை என்பதும் அதில் இருந்தது. கரும்பு ஆலையில் எடைமேடை ஆலைக்காரரிடம் இருக்க, சீட்டும் அவரே எழுதினால் விவசாயி எவ்வளவு நிம்மதியாகத் தூங்குவான்? சிங்கி இறால்காரரின் நிலையும் அதுதான்.

ஸ்காட்லாந்திலும் அதே 2018-ல் ஒரு விஷயம் வெளிவந்தது. அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், பண்ணைக்காரர்களின் அறிக்கையை மட்டும் நம்பாமல், தானே எட்டுப் பண்ணைகளைச் சுற்றிக் கடலடிச் சேற்றை எடுத்துச் சோதித்தது. இமாமெக்டின் எச்சம் எதிர்பார்த்ததைவிட அதிக தூரம் பரவியிருந்தது. எச்சம் அதிகமிருந்த இடத்தில் இறால் இனத்துச் சிற்றுயிர்கள் குறைந்திருந்தன. கூண்டுக்கு அடியில் மட்டும் மண் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரிய வந்திருக்காது. வேறொருவர், வேறோர் இடத்தில் எடுத்ததால்தான் தெரிந்தது.

நார்வே இதில் கொஞ்சம் முன்னே போயிருக்கிறது. குளிப்பாட்டிய மருந்துத் தண்ணீரை இறால் விளையும் இடத்திலிருந்தும் மீன் முட்டையிடும் இடத்திலிருந்தும் 500 மீட்டருக்குள் படகிலிருந்து கொட்டக்கூடாது என்று 2019 முதல் விதி இருக்கிறது. ஒரு மீனுக்கு சராசரியாக அரைப் பேனுக்கு மேல் பெட்டைப் பேன் இருக்கக்கூடாது என்றும் வரம்பு உண்டு; பேன் எண்ணி வாராவாரம் கணக்குக் கொடுக்க வேண்டும். (அரைப் பேன் என்றால் சிரிப்பு வரும். இரண்டு மீனுக்கு ஒரு பேன் என்று பொருள்.) 2017 முதல் கடற்கரையை 13 பகுதிகளாகப் பிரித்து, பேன் அதிகமுள்ள பகுதியில் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லவும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அதாவது பண்ணை பண்ணையாகப் பார்க்காமல் பகுதியாகப் பார்க்கிறார்கள். அங்கேயும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2015-ல் மட்டும் 40 ஆயிரம் டன்னுக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கடலில் விட்டார்கள். அது தண்ணீராகவும் பிராணவாயுவாகவும் பிரிந்துவிடும், தீங்கில்லை என்று முதலில் சொன்னார்கள். மிகவும் நீர்த்த அளவிலும் குளிர்கடல் இறால் பாதிக்கப்படுவது பிறகு தெரிந்தது. இப்போது வெந்நீரில் முக்குவது, தண்ணீரைப் பீய்ச்சிப் பேனைக் கழுவுவது, பேன் தின்னும் சிறு மீன்களைக் கூண்டுக்குள் விடுவது என்று வேறு வழிகளுக்குப் போயிருக்கிறார்கள். மருந்து குறைந்தது நிஜம். வெந்நீரில் முக்கியதில் சால்மனே செத்ததும் நிஜம்.

என்ன செய்யலாம் என்று கேட்டால் என் எண்ணம் இது. ஒவ்வொரு பண்ணையும் தன் அளவைத் தாண்டவில்லை என்று காட்டிவிட்டால் போதும் என்ற முறை உதவாது. பத்துப் பண்ணைகள் ஒரே வாரத்தில் தத்தம் அளவுக்குள் திறந்துவிட்டால் விரிகுடாவில் சேருவது பத்து மடங்கு. வரம்பை விரிகுடாவுக்கு வைத்து, அதைப் பண்ணைகளுக்குப் பங்கிட வேண்டும். ஏரிப் பாசனத்தில் மடைக்கு மடை முறை வைப்பது போல. தண்ணீரும் சேறும் எடுத்துச் சோதிப்பது பண்ணைக்காரரின் சம்பளம் வாங்காத ஆளாக இருக்க வேண்டும். செலவைப் பண்ணை கொடுக்கட்டும். சிங்கி இறால் ஓடு கழற்றும் மாதங்களிலும் குஞ்சு மிதக்கும் மாதங்களிலும் மருந்தைத் திறந்துவிடவே கூடாது. நியூ பிரன்ஸ்விக்கில் விரிகுடாவைப் பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதி முழுவதும் ஒரே வயதுக் குஞ்சு விட்டு, அறுவடைக்குப் பின் தரிசாக விடும் முறை ஏற்கெனவே இருக்கிறது. புகையானுக்காக ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் நடவு செய்யச் சொல்கிறார்களே, அதே தத்துவம். அதை இன்னும் கண்டிப்பாக நடத்தி, தரிசுக் காலத்தை நீட்டினால் மருந்துக்கே வேலை குறையும்.

உற்பத்தி குறையும், வேலை போகும் என்பார்கள். கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் இன்றைய மலிவு விலையில் சிங்கி இறால்காரரின் நஷ்டமும் அடங்கியிருக்கிறது. அதை அவர் பில் போட்டு யாரிடமும் வசூலிக்க முடிவதில்லை. கனடாவின் மேற்குக் கரையில் திறந்த வலைக்கூண்டுகளை 2029 ஜூன் 30-க்குள் நிறுத்துவதாக அந்நாட்டு அரசாங்கம் 2024-ல் அறிவித்தது. அங்கே முக்கியக் காரணம் கடலில் தானாக வாழும் சால்மனைக் காப்பது. கிழக்கில் உள்ள பண்டி விரிகுடாவுக்கு அந்த அறிவிப்பு பொருந்தாது.

நமக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2010-ல் கடல் விரால் குஞ்சு பொரிக்க வைத்ததிலிருந்து நம் கரையிலும் கடல் கூண்டு வளர்ப்பு பரவி வருகிறது. சிறு மீனவர்களுக்கு அது நல்ல வருமானம். அதைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. குளிர்கடல் சால்மன் பேன் நம் கடலில் வரப்போவதும் இல்லை. ஆனால் நெரிசல் உள்ள இடத்தில் ஏதாவது ஒட்டுண்ணி வரும். அப்போது கடைக்காரர் எடுத்துக் கொடுக்கப் போவது நாம் வயலுக்கு வாங்கும் அதே மருந்தாக இருக்கக்கூடும். இறால் பண்ணைகள் விஷயத்தில் நெல் வயலும் குடிநீரும் கெட்ட பிறகுதான் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அதற்கும் பிறகு 2005-ல்தான் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. 2023-ல் அந்தச் சட்டத்தைத் திருத்திக் கடல் கூண்டு வளர்ப்பையும் அதற்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். கூண்டுகள் இன்னும் நெருங்கவில்லை. எழுத வேண்டியதை இப்போதே எழுத முடியும். கூண்டுக்கு அனுமதி கேட்கும் மனுவில் என்ன மருந்து, எவ்வளவு, எந்த மாதம், அந்தத் தண்ணீர் நீரோட்டத்தில் எந்தப் பக்கம் போகும் என்று நான்கு வரி சேர்க்கட்டும். மருந்து போடுவதற்கு ஒரு வாரம் முன்பு அதன் நகல், தமிழில், அந்த ஊர் மீன் ஏலக் கூடத்தின் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.